டிவிக்குப் போகும் செயலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய குழுக்கள் உருவாக்கிய செயலிகளை டிவி நிகழ்ச்சிகளுக்குத் தயார்படுத்தும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். ஒவ்வொரு குழுவும் முதல் சந்திப்பில் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றையும், என் அனுபவத்தில் சரி என்று பட்ட பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். விளம்பர நேரத்தை விலைக்கு வாங்குவது பற்றி இதில் அதிகம் இல்லை. விருந்தினராகப் போய் உட்காருவது, முதலீட்டு நிகழ்ச்சியில் நிற்பது, நிகழ்ச்சிக்குள்ளேயே செயலி ஒரு பங்காக வருவது ஆகியவை பற்றித்தான் பேசப்போகிறேன்.

எல்லாரும் போனிலேயே இருக்கும்போது டிவி எதற்கு?

எல்லாரும் போனிலேயே இருப்பதால்தான். முன்பு டிவியில் ஒரு பொருளைப் பார்த்தவர், கடைக்குப் போகும் நாள் வரை அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். செயலிக்கு அந்த இடைவெளியே இல்லை. கடை அவர் கையில் இருக்கிறது, கை சோபாவில் இருக்கிறது. பெயரைக் கேட்ட அரை நிமிடத்தில் தேடிவிடலாம்.

இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். போனில் வரும் விளம்பரத்தை ஒருவர் தனியாகப் பார்க்கிறார். டிவியைப் பல வீடுகளில் இன்னும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள். "அம்மா, இது உனக்கு உதவும்போல இருக்கே" என்று மகள் சொல்லி, அம்மாவின் போனை வாங்கி அங்கேயே நிறுவித் தருகிறாள். செயலிகளைத் தானாகத் தேடிப் போகாதவர்களிடம் போய்ச் சேர இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

விளம்பரம் கொடுப்பதற்கும் நிகழ்ச்சியில் தோன்றுவதற்கும் என்ன வித்தியாசம்?

விளம்பரத்தில் சொல்வது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். நிகழ்ச்சியில் கேள்வியும் வெட்டும் கத்தரியும் வேறொருவர் கையில். அதனால்தான் அதற்கு நம்பிக்கை கிடைக்கிறது.

2009 ஏப்ரல் 17 அன்று அமெரிக்கத் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சியில் முதல் ட்வீட்டைத் தட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான எவன் வில்லியம்ஸ் பக்கத்தில் இருந்தார். எத்தனையோ பேருக்கு அதுவரை அது புரியாத ஒரு பெயர். தாங்கள் தினமும் பார்க்கும் ஒருவர், தங்களைப் போலவே கொஞ்சம் தயங்கி அதைப் பயன்படுத்தியதைப் பார்த்ததும் தயக்கம் விலகியது. அந்த இடத்தில் நிறுவனர் பேச்சாளர் இல்லை, துணைக்கு நின்றவர். நான் எல்லாரிடமும் சொல்வது இதைத்தான்: தொகுப்பாளரின் கையில் போனைக் கொடுங்கள்.

எந்த மாதிரி செயலி டிவிக்குப் பொருந்தும்?

போன் திரையைத் தாண்டி வெளியே ஏதாவது நடக்க வைக்கும் செயலி. கேமராவுக்கு முகமும் கையும் வேண்டும். ஆறங்குலக் கண்ணாடியில் பட்டன்கள் நகர்வதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கத் தொகுப்பாளர் எலன் டிஜெனரஸின் நிகழ்ச்சியிலிருந்து 2013ல் வந்த 'ஹெட்ஸ் அப்' விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். போனை நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதில் தெரியும் சொல்லைப் பார்த்து எதிரே இருப்பவர் குறிப்புக் கொடுக்க வேண்டும், நீங்கள் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். விருந்தினராக வந்த நடிகர்கள் அதை மேடையிலேயே விளையாடினார்கள். யாரும் "இந்தச் செயலியில் என்னென்ன வசதிகள்" என்று விளக்கவில்லை. பார்த்த பத்து வினாடியில் விதி புரிந்தது, அடுத்த பத்து வினாடியில் நாமும் ஆடலாமே என்று தோன்றியது.

இன்னொரு விதமும் உண்டு, கதைக்குள்ளிருந்து செயலி பிறப்பது. 2017ல் 'சிலிக்கான் வேலி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், படத்தில் இருப்பது ஹாட் டாக்கா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஒரு வேடிக்கையான செயலி வரும். தொடரின் குழு அதை உண்மையிலேயே உருவாக்கி வெளியிட்டது. தொடரில் சிரித்தவர்கள் எல்லாம் தேடிப் போய் இறக்கினார்கள். எல்லாருக்கும் இந்த வாய்ப்பு வராது. ஆனாலும் ஒரு தொடரின் எழுத்தாளர் தன் கதாபாத்திரத்துக்கு ஒரு செயலி தேடும்போது உங்களுடையது கண்ணில் படலாம். அப்போது திரையில் காட்ட அனுமதி கேட்டு வரும் மடலுக்கு அன்றே பதில் எழுதுங்கள்.

கணக்கு மென்பொருள், நிறுவனங்களுக்கான கருவிகள் போன்றவற்றுக்குப் பொதுவான நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வீண். வணிகச் செய்தி நேரத்தில் நிபுணராகப் போய்ப் பேசினால் ஓரளவு பலன் கிடைக்கும்.

எந்த நிகழ்ச்சியைக் குறிவைப்பது? பெரிய நிகழ்ச்சியைத்தானே?

அவசியமில்லை. உங்கள் செயலி தீர்க்கும் பிரச்சினை உள்ளவர்கள் எந்த நேரத்தில் டிவி முன் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். வயதானவர்களுக்கான செயலியோடு நள்ளிரவு நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போய்ப் பயனில்லை. காலை நிகழ்ச்சிகளுக்குத் தினமும் இரண்டு மூன்று மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் புதிய விஷயத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்கள், முதல் தடவை வருபவர்களிடம் அன்பாகவும் இருப்பார்கள். அங்கே ஒரு நல்ல ஐந்து நிமிடம் செய்துவிட்டால், அந்தப் பதிவைக் காட்டிப் பெரிய இடத்தில் பேசலாம்.

தயாரிப்பாளருக்கு எப்படி எழுதுவது?

உங்கள் செயலியைப் பற்றி எழுதாதீர்கள். அவருடைய நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் எப்படிப் போகும் என்று எழுதுங்கள்.

"நாங்கள் ஒரு தூக்கச் செயலி உருவாக்கியிருக்கிறோம்" என்ற மடல் அப்படியே குப்பைக்குப் போகும். "தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள், உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பதை மூன்று குடும்பங்களோடு ஸ்டூடியோவில் பார்க்கலாம். குடும்பங்கள் தயார்" என்று எழுதினால் அவர் போன் எடுப்பார். காலண்டரில் வரும் நாட்கள், பள்ளி திறப்பு, மழைக்காலம், பெரிய விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது ஒன்றோடு இணைத்தால் "இப்போது ஏன்" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

மடல் அரைப் பக்கம் போதும். நீங்கள் பேசும் ஒரு நிமிட வீடியோவின் இணைப்பு கட்டாயம் வேண்டும். இந்த ஆள் கேமரா முன்னால் உறைந்துபோவாரா என்பதுதான் தயாரிப்பாளரின் பெரிய பயம். அந்த வீடியோ அந்தப் பயத்தைப் போக்குகிறது.

"காசு கொடுத்தால் உங்களை அழைக்கிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

முதலில் அது என்ன என்று தெளிவாகக் கேளுங்கள். சில நிகழ்ச்சிகள் பகுதிகளை வெளிப்படையாகவே விற்கின்றன. அது விளம்பரதாரர் பகுதி, திரையில் அப்படித்தான் குறிப்பிடவும் வேண்டும். அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஒளிபரப்பினால் அதை அறிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் உருவாகும் நிகழ்ச்சிகளில் பணம் பெற்றுப் பொருளைக் காட்டினால், 2011 முதல் 'பி' எழுத்து முத்திரையைத் திரையில் காட்டியாக வேண்டும்.

வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் தப்பில்லை. விலை கட்டுப்படியானால் முயன்று பாருங்கள். "காசு வாங்கியது யாருக்கும் தெரியாது, சாதாரணப் பேட்டி மாதிரியே இருக்கும்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 'தொழில்நுட்ப நிபுணர்' என்ற பெயரில் நிகழ்ச்சிகளுக்குப் போய், பின்னால் நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு செயலிகளைப் பரிந்துரைப்பவர்களும் இருக்கிறார்கள். என்றாவது அது வெளியே வந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து வரும். செயலிக்கு மக்கள் தருவது காசு மட்டும் இல்லை. தொடர்பு எண்கள், இருப்பிடம், புகைப்படம் எல்லாவற்றுக்கும் அனுமதி தருகிறார்கள். ஏமாற்றித் தொடங்கிய உறவில் அந்த அனுமதியைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலீட்டு நிகழ்ச்சிகளுக்குப் போகலாமா? முதலீடு கிடைக்காவிட்டால் அவமானமாகிவிடுமே?

ஜப்பானில் 2001ல் தொடங்கிய வடிவம் இது. 2005ல் பிரிட்டனில் 'டிராகன்ஸ் டென்', 2009ல் அமெரிக்காவில் 'ஷார்க் டாங்க்', 2021 டிசம்பரில் இந்தியப் பதிப்பு என்று பரவியது. தொழில்முனைவோர் முதலீட்டாளர்கள் முன் நின்று பணம் கேட்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு நாடகம், உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட அறிமுகம்.

முதலீடு கிடைக்காமல் திரும்புவது அவமானமே இல்லை. ஜேமி சிமினாஃப் 2013ல் 'டோர்பாட்' என்ற கதவுமணியோடு ஷார்க் டாங்க் போனார். மணி அடித்தால் வாசலில் நிற்பவரைப் போன் செயலியில் பார்க்கலாம். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் திரும்பினார். அதே தொழில்தான் 'ரிங்' ஆனது, 2018ல் அமேசான் அதை வாங்கியது. பிறகு அவரே அந்த நிகழ்ச்சியில் விருந்தினர் முதலீட்டாளராக உட்கார்ந்தார்.

வேறு ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 'காஃபி மீட்ஸ் பேகல்' என்ற துணை தேடும் செயலியின் மூன்று சகோதரிகள் 2015 ஜனவரியில் அதே நிகழ்ச்சிக்கு வந்தார்கள். மொத்த நிறுவனத்துக்கும் 3 கோடி டாலர் தந்தால் விற்பீர்களா என்று அங்கிருந்த முதலீட்டாளர்களில் ஒருவரான மார்க் க்யூபன் கேட்டார், அவர்கள் மறுத்தார்கள். அதன்பிறகு ஊரெல்லாம் பேசியது அந்த மறுப்பைப் பற்றித்தான், செயலி என்ன செய்கிறது என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது. அவர்கள் மறுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை, தங்கள் தொழிலின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அது. ஆனால் பணப்பேச்சு சூடானால் செயலி மறைந்துவிடும். எனவே செயலி என்ன செய்கிறது என்பதை முதல் ஒரு நிமிடத்திலேயே, வெட்டி எறிய முடியாத ஒரு காட்சியாகக் காட்டிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஷார்க் டாங்கின் ஆரம்ப வருடங்களில், மேடை ஏறினாலே தயாரிப்பு நிறுவனத்துக்கு உங்கள் நிறுவனத்தில் 5 சதவீதப் பங்கோ லாபத்தில் 2 சதவீதமோ போகும் என்று ஒரு விதி இருந்தது. 2013 வாக்கில் க்யூபன் வற்புறுத்தி அதை நீக்க வைத்தார். அப்புறம், படமாக்கிய எல்லாமே ஒளிபரப்பாகும் என்ற உத்தரவாதம் இல்லை. மேடையில் கைகுலுக்கிய ஒப்பந்தமும் பின்னால் கணக்கு வழக்குச் சரிபார்க்கும்போது கலையலாம்.

செயலிகளுக்கென்றே ஆப்பிள் 2017ல் 'பிளானட் ஆஃப் தி ஆப்ஸ்' என்று ஒன்று நடத்தியது. நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே 60 வினாடியில் செயலியை விளக்க வேண்டும். ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் அந்த 60 வினாடிப் பயிற்சியை நான் இன்றும் குழுக்களுக்குக் கொடுக்கிறேன்.

செயலியின் பெயர் அவ்வளவு முக்கியமா?

மிக மிக முக்கியம். டிவியில் பெயர் காதில்தான் விழுகிறது. கேட்டவர் அதை எழுத்தாக மாற்றித் தேட வேண்டும். உயிரெழுத்தை விட்டுவிட்ட பெயர், எண்ணைச் செருகிய பெயர், இரண்டு விதமாக எழுத்துக்கூட்டக்கூடிய பெயர் எல்லாம் இங்கே அடி வாங்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வேலையைப் பற்றி எதுவும் தெரியாத பத்துப் பேரைப் போனில் அழையுங்கள். பெயரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள், ஸ்டோரில் தேடச் சொல்லுங்கள். மூன்று பேர் தவறினாலே அது பிரச்சினைதான். பெயரை மாற்ற முடியாத நிலையில், தவறாக எழுதினாலும் உங்கள் செயலி வரும்படி தேடல் சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்து, துணைத்தலைப்புக்கு இன்னொரு 30 எழுத்து இடம் இருக்கிறது. நீங்கள் டிவியில் சொல்லப்போகும் அதே சொற்கள் அந்தத் துணைத்தலைப்பில் இருக்கட்டும்.

பலருக்குத் தோன்றாத ஒன்று: அன்று உங்கள் பெயரைத் தேடுபவருக்கு, மேலே காசு கொடுத்து வந்த போட்டிச் செயலி முதலில் தெரியலாம். ஒளிபரப்பாகும் நாளில் மட்டுமாவது உங்கள் சொந்தப் பெயருக்குத் தேடல் விளம்பரம் போட்டுவைத்து, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரையில் கியூஆர் கோடு போடச் சொல்லலாமா?

கேட்டுப் பாருங்கள், பேட்டிகளில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டால், போனை எடுத்து, கேமராவைத் திறந்து, நீட்டிப் பிடிக்கும் அளவுக்கு அது திரையில் நிற்க வேண்டும். மூன்று வினாடி மின்னி மறைந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின்போது காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணய வர்த்தக நிறுவனம் கொடுத்த விளம்பரத்தில் கறுப்புத் திரையில் ஒரு கியூஆர் கோடு மட்டும் 60 வினாடி மிதந்துகொண்டிருந்தது. ஒரே நிமிடத்தில் 2 கோடிக்கும் மேல் வருகைகள் என்று அந்த நிறுவனம் சொன்னது. செயலி கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. கியூஆர் கோடு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கும், அடுத்த கேள்விக்கும் அதுவே உதாரணம்.

எங்கள் சர்வர் தாங்குமா?

இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். டிவி கூட்டம் மற்றக் கூட்டங்களைப் போன்றதில்லை. இணையத்தில் ஒரு செய்தி பரவினால் கூட்டம் மணிக்கணக்கில் ஏறும். டிவியில் எல்லாரும் ஒரே வினாடியில் ஒரே சொல்லைக் கேட்கிறார்கள், ஒரே வினாடியில் கையை அசைக்கிறார்கள். பிரிட்டனின் மின்துறையினர் இதைப் பல காலமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1990 ஜூலை 4 அன்று உலகக்கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடு முழுவதும் எழுந்துபோய்த் தேநீருக்கு மின்கெண்டியைப் போட்டதில் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. உங்கள் செயலிக்கு வரப்போவது அதன் சின்ன வடிவம்.

கூட்டம் வந்தால் சர்வர்கள் தானாகக் கூடிக்கொள்ளும்படி அமைத்திருப்பீர்கள். புதிய சர்வர் எழுந்து நிற்கச் சில நிமிடம் பிடிக்கும், அதற்குள் உச்சம் முடிந்துவிடும். ஆகவே ஒளிபரப்புக்கு முன்பே கூட்டிவைத்துவிடுங்கள். மாறாத பக்கங்கள், படங்கள் எல்லாம் உங்கள் சர்வருக்கு வராமல் வேறிடத்திலிருந்து போகட்டும். அவசியமில்லாத பின்னணி வேலைகளை அன்று நிறுத்திவையுங்கள்.

இதையெல்லாம் எல்லாரும் செய்கிறார்கள். மறப்பது வேறு இடத்தில். மருந்து வேளையை நினைவூட்டும் ஒரு செயலியோடு ஒரு காலை நிகழ்ச்சிக்குப் போனோம். பேட்டி அருமையாக அமைந்தது, சர்வரும் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். அதை அனுப்பும் சேவைக்கு ஒரு வினாடிக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு இருந்தது, நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஓடிபி வருவதற்கு நாற்பது நிமிடம் வரை ஆனது. வந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் திரையையே தாண்டவில்லை. மருந்து மறக்கும் தன் அப்பாவுக்காக அதை இறக்கிய ஒருவர் "ரொம்ப எதிர்பார்த்தேன்" என்று ஒற்றை நட்சத்திரத்தோடு எழுதிய வரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு எங்களுடையது.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி, முதல் திரையில் பதிவு எதற்கு என்பதுதான். உள்ளே விடுங்கள், ஒரு வேலையைச் செய்து பார்க்கட்டும், சேமிக்க வேண்டிய கட்டம் வரும்போது எண்ணைக் கேளுங்கள். ஓடிபி, மின்னஞ்சல், வரைபடம், பணம் செலுத்தல் என்று வெளியாரை நம்பியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் வரம்பு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒளிபரப்புக்கு முன் புதிய பதிப்பு வெளியிடலாமா?

ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சமர்ப்பிப்புகளை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. ஆனால் நிராகரித்தால் திருத்தித் திரும்ப அனுப்ப உங்களுக்கு நாள் வேண்டும். ஐபோனில் புதிய பதிப்பை ஏழு நாளில் படிப்படியாக வெளியிடும் வசதி இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். பழைய பயனர்களுக்குத்தான் அது படிப்படி. புதிதாக இறக்குபவருக்கு நேராகப் புதிய பதிப்புதான் போகும், டிவி பார்த்து வருபவர்கள் எல்லாரும் புதியவர்கள்.

புதிய பதிப்பு இல்லாமலே மாற்றக்கூடியது ஒன்று உண்டு: ஆப் ஸ்டோர் பக்கத்தின் மேலே வரும் 170 எழுத்து அறிமுக வரி. ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில், நீங்கள் டிவியில் சொல்லும் வாக்கியத்தையே அங்கே வையுங்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று வந்தவருக்குத் தெரியட்டும்.

ஸ்டூடியோவில் செயலியை எப்படிக் காட்டுவது?

வைஃபையை நம்பாதீர்கள். ஸ்டூடியோவில் நூறு கருவிகள் அலைவரிசைக்குச் சண்டை போடும். போனிலிருந்து கேபிள் வழியாகத் திரைக்குக் கொடுங்கள், அதற்கான இணைப்பானை நீங்களே இரண்டு எடுத்துப்போங்கள். இணையமே இல்லாவிட்டாலும் ஓடும் ஒரு மாதிரிப் பதிப்பு போனில் இருக்கட்டும். அதில் இருக்கும் பெயர்களும் எண்களும் நீங்கள் உருவாக்கியவையாக இருக்க வேண்டும். நிஜமான ஒரு பயனரின் தகவல் ஒரு வினாடி திரையில் வந்தாலும் அது பெரிய துரோகம். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். எழுத்தளவைப் பெரிதாக்குங்கள்.

செயலி ஓடும் காட்சியை முன்கூட்டியே கிடைமட்ட வீடியோவாகத் தயாரித்து நிகழ்ச்சிக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் பேசும்போது பின்னால் அதைத்தான் ஓட்டுவார்கள். நெட்டாக எடுத்த திரைப்பதிவைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். 1024 பிக்சல் ஐகானையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் யாராவது இணையத்தில் தேடிப் பழைய ஐகானைப் போட்டுவிடுவார்கள்.

உடையில் நெருக்கமான கோடுகள் வேண்டாம், கேமராவில் அலையடிக்கும்.

கேமரா முன் எனக்குப் பேச வராது. குழுவில் வேறு யாரையாவது அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் அழகாகப் பேசுபவரைவிட, இதை ஏன் உருவாக்கினோம் என்று தெரிந்தவர் மேல். திக்கித் திணறிச் சொன்னாலும் உண்மையான காரணம் மனதில் நிற்கும். இன்னும் நல்லது, செயலியால் பயன் பெற்ற ஒருவரை உடன் அழைத்துப்போவது.

மூன்று விஷயம் மட்டும் தயார் செய்யுங்கள்: யாருடைய என்ன கஷ்டம், செயலி அதில் எந்த ஒரு வேலையைச் செய்கிறது, பெயர். பெயரை "எங்கள் செயலி" என்று விழுங்காமல் இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். எத்தனை கேள்வி வந்தாலும் அம்சங்களின் பட்டியலுக்குள் போகாதீர்கள். உடல்நலம், பணம் சம்பந்தப்பட்ட செயலி என்றால், செய்யாத ஒன்றைச் செய்யும் என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. நேரலையில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, அதை நம்பி ஒருவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடலாம்.

டிவியால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

துல்லியமாகத் தெரியாது. நெருக்கமாகக் கணக்கிடலாம். டிவி பார்த்தவர் எந்த இணைப்பையும் தட்டி வருவதில்லை, பெயரைத் தேடி வருகிறார். அதனால் கணக்கில் 'தானாக வந்தவர்' என்று விழுவார்.

முந்தைய நான்கு வாரங்களில் அதே கிழமை, அதே மணி நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதற்கு மேல் வந்ததை டிவியின் கணக்கில் எழுதுங்கள். ஸ்டோர்களின் அறிக்கை உடனே கிடைக்காது, ஆகவே செயலி முதல்முறை திறக்கும் நேரத்தை உங்கள் சர்வரிலேயே நிமிட வாரியாகப் பதிவு செய்யுங்கள். எந்த வாக்கியத்துக்குக் கூட்டம் எழுந்தது என்றுகூட அதில் தெரியும். நாங்கள் ஒருமுறை பார்த்தபோது, கூட்டம் ஏறியது நிறுவனர் பேசியபோது இல்லை, தொகுப்பாளர் "இதை என் அம்மாவுக்குப் போட்டுக் கொடுக்கப்போகிறேன்" என்றபோதுதான். நேர மண்டலம் மாறும் நாடுகளில் ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை வரும், மறு ஒளிபரப்பும் உண்டு, அதற்கும் தயாராக இருங்கள். செயலிக்குள் "எங்கே கேள்விப்பட்டீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வியும் வைக்கலாம், கட்டாயமாக்காமல்.

வந்தவர்கள் தங்குவார்களா?

பாதிப்பேர் ஆர்வத்தில் வந்தவர்கள், போய்விடுவார்கள். அதில் மனம் தளர வேண்டாம். முதல் மாதம் முழுக்கத் தங்கியவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், முதல் நாள் எண்ணிக்கையைக் குழு அறையில் ஒட்டிவைக்காதீர்கள். டிவி வழியாக வருபவர்களில் வயதானவர்களும் செயலிப் பழக்கம் இல்லாதவர்களும் அதிகம். அவர்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்குப் புதிதாக இருக்கும். அந்த வாரம் பதில் சொல்லும் வேலைக்குக் கூடுதலாக இரண்டு பேரை உட்கார வையுங்கள். "எழுத்து சின்னதாக இருக்கிறது" என்று பத்துப் பேர் சொன்னால் அதுதான் அடுத்த பதிப்பின் வேலை.

கடைசி நேரத்தில் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

அடிக்கடி நடக்கும். பெரிய செய்தி ஒன்று வந்தால் உங்கள் ஐந்து நிமிடம்தான் முதலில் போகும். கோபப்படாமல், அன்றே "எந்த நாளானாலும் வருகிறோம்" என்று எழுதிவிடுங்கள். காலியிடம் விழும்போது தயாரிப்பாளர் முதலில் தேடுவது அப்படி எழுதியவரைத்தான். கூட்டிவைத்த சர்வர்களைக் குறைக்க மறக்காதீர்கள், அதற்கும் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒளிபரப்பான பதிவை நாங்கள் பயன்படுத்தலாமா?

அனுமதி கேட்டுவிட்டு. பதிவின் உரிமை ஒளிபரப்பாளருடையது. பேட்டிக்கு ஒத்துக்கொள்ளும்போதே, ஒரு நிமிடத் துண்டை உங்கள் தளத்திலும் சமூக ஊடகத்திலும் போட எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டால் யாரைக் கேட்பது என்றே தெரியாமல் வாரங்கள் ஓடும். சம்மதம் கிடைத்துவிட்டால், தொகுப்பாளர் போனைக் கையில் வாங்கும் அந்த இடத்திலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.